டிக்கெட் போடாத ஒரு டிரிப்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். என் பெயர் சம்பந்தம். டிக்கெட் மெஷினை எப்படிப் பிடிப்பது, சில்லறைச் சண்டையை எப்படி ஆற்றுவது, படியில் தொங்குகிறவனை எப்படி உள்ளே வரவழைப்பது என்பதையெல்லாம் டிப்போவில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு என் போன்ற ஓய்வு பெற்ற ஆள் தேவையில்லை. ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றியும், அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியும் சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் மழை வலுத்தால் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வருகிறது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம் வழியாகப் புதுப்பட்டினம் போகும் வண்டியில் கண்டக்டர். டிரைவர் தர்மலிங்கம் அண்ணன். காலையில் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு வரும் டிரிப்பில் நிற்க இடம் இருக்காது. மீன் கூடை, கோர்ட்டுக்கு வருகிறவர்கள், ரயிலைப் பிடிக்க வருகிறவர்கள் என்று பிதுங்கும். ஆனால் செங்கல்பட்டிலிருந்து அந்தப் பக்கம் போகும் எங்கள் முதல் டிரிப்பில் பாதி சீட் காலியாக இருக்கும். மீதிப் பாதியை நிரப்பியவர்கள் சித்தாள் பெண்கள். ரயில்வே லைனை ஒட்டிய குடிசைகளில் இருந்தவர்கள். புதுப்பட்டினம் பக்கம் அப்போது உத்தியோகஸ்தர்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. செங்கல்லும் சாந்தும் சுமக்க தினமும் இவர்கள் போய் வந்தார்கள்.

அவர்களுக்கு முன்னால் நிற்பவர் கன்னியம்மா. நாற்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, கணீரென்ற குரல். மற்ற பெண்கள் ஏறி முடித்த பிறகுதான் அவர் ஏறுவார்.

அந்த வருஷம் பஸ் கட்டணம் உயர்ந்தது. முதல் நாள் நான் புது ரேட்டைச் சொன்னதும் கன்னியம்மா கையில் இருந்த சில்லறையைப் பார்த்தார்.

"போவ வர ரெண்டு வாட்டியும் இப்டித்தானா கண்டக்டரே?"

"ஆமாம்மா. நான் ஏத்தினதா? மேல ஏத்திட்டாங்க."

"உன்னய யாரு சொன்னது? கூலில பாதி பஸ்ஸுக்கே குடுத்துட்டா, வூட்ல உலைல இன்னாத்த போடறது?"

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அதிகம் போனால் ஒரு வாரம் அந்த ரேட்டைக் கொடுத்து வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒரு நாள் ரயில்வே கேட் நிறுத்தத்தில் வண்டி நின்றபோது ஏறுவதற்கு ஒருவரும் இல்லை.

அவர்கள் எங்கே போனார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு மணல் லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் சாந்துச் சட்டிகளோடு நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். வேலை எடுத்திருந்த மேஸ்திரியின் லாரி அது. காலையில் காலியாகப் போகிற வண்டி. பஸ்ஸைவிடக் குறைவாகக் கூலியில் பிடித்துக்கொண்டு ஏற்றிப் போனான். மேட்டில் ஏறும்போது எல்லோரும் ஒரே பக்கம் சரிவார்கள். பிடிக்கக் கம்பி கிடையாது, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். தர்மலிங்கம் அண்ணன் அந்த லாரிக்குப் பின்னால் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்துவிடுவார். "எவளாவது வுழுந்தா நம்ம சக்கரத்துலதான் வுழுவா" என்பார்.

நான் கிளை மேலாளரிடம் போய்க் கேட்டேன். படிக்கிற பிள்ளைகளுக்குச் சலுகை இருக்கிறதே, கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஏதாவது செய்யக்கூடாதா என்று. மோசமான மனிதர் இல்லை அவர். சலித்துப் போயிருந்தார்.

"நானும் கேட்டுப் பாத்துட்டேன் சம்பந்தம். வசூல் ஏன் கொறஞ்சுதுன்னுதான் பதில் வருது. பஸ்ல வர்றவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா என்னால சொல்ல முடியும். லாரில போறவங்க நம்ம கணக்குலயே இல்லையேப்பா."

பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

ஐப்பசி பிறந்தது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை தூறலாக இருந்தது. முதல் டிரிப்பில் சொற்பப் பயணிகள். அவர்களில் சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீராசாமியும் அவருடைய தம்பியும் இருந்தார்கள். பெரிய வலைக்கு வடக்கயிறு வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள். கயிற்றுச் சுருளை வண்டி மேலே ஏற்றி, அதற்கு லக்கேஜ் டிக்கெட்டும் போட்டிருந்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு தரைப்பாலம் உண்டு. சாதாரண நாளில் கணுக்கால் நனையாத ஓடை. அன்றைக்கு வளைவைத் திரும்பியதும் தர்மலிங்கம் அண்ணன் பிரேக்கை அழுத்திவிட்டார். மேலே ஏதோ ஏரி உடைத்துக்கொண்டிருக்க வேண்டும். சாலை இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் அந்த லாரி நின்றது. சக்கரத்தின் பாதி தண்ணீருக்குள். பின்னால் அத்தனை பெண்களும் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கூச்சல் எழுந்தது.

என் முதல் எண்ணம், பஸ்ஸை உள்ளே விட்டு லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி அப்படியே ஏற்றிக்கொள்ளலாம் என்பது. பயணிகளிலும் பாதிப் பேர் அதையே சொன்னார்கள். மீதிப் பேர், பின்னால் எடு, திரும்பிப் போகலாம் என்றார்கள்.

"அண்ணே, உள்ள வுடுங்க. பஸ் ஒசரம்தானே" என்றேன்.

அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எறக்கினா ரெண்டு வண்டியும் போவும். அங்க கீறவங்களுக்கு நாம ஒருத்தர்தான் கெதி. நாமளும் மாட்டிக்கினா யாரு வருவா?"

பிறகு அவர் செய்தது எனக்கு அப்போது புரியவில்லை. பஸ்ஸைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, மேடான இடத்தில் தண்ணீரைப் பார்க்க நிறுத்தி, கியரைப் போட்டு, சக்கரங்களுக்குக் கல் கொடுக்கச் சொன்னார். பயணிகளை இறக்கி மேட்டுக்கு அனுப்பினார். அதற்குள் வீராசாமி யாரும் சொல்லாமலே வண்டி மேல் ஏறிக் கயிற்றுச் சுருளைத் தள்ளிவிட்டிருந்தார். ஒரு முனையை பஸ்ஸின் முன் கொக்கியில் கட்டினார்கள்; பஸ்ஸையே நங்கூரமாக்கியிருந்தார் அண்ணன். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் தண்ணீரில் இறங்கினார். தம்பி பின்னாலேயே கயிற்றை விட்டுக்கொண்டு போனார்.

பணப்பையைக் கழற்றி தர்மலிங்கம் அண்ணன் கழுத்தில் மாட்டிவிட்டு நானும் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் கால் தரையில் நிற்க மறுத்தது. தண்ணீரின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை.

லாரியை நெருங்கியபோதுதான் அதைப் பார்த்தேன். பின் சக்கரத்தைக் கட்டிப் பிடித்தபடி ஒரு பெண் தண்ணீருக்குள் நின்றிருந்தாள். செல்வி என்று பெயர், கூட்டத்திலேயே சின்னவள். பயத்தில் குதித்திருக்கிறாள். லாரி நகர்ந்து, சக்கரத்துக்கும் ஓரக்கல்லுக்கும் இடையில் அவள் கால் சிக்கிக்கொண்டது. பாலத்தின் ஓரம் பள்ளம், அங்கே அவளுக்கு மார்பு வரை தண்ணீர். அழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

லாரி டிரைவர் கேபினிலிருந்து தலையை நீட்டிக் கத்தினான். "யாரும் எறங்காதீங்க. தண்ணி வடிஞ்சிடும். மேஸ்திரி டிராக்டர் அனுப்புவாரு."

பெண்கள் அசையாமல் நின்றார்கள். மேஸ்திரியின் ஆள் சொல்கிறான். இறங்கினால் நாளைக்கு வேலை இருக்குமா என்பதும் அந்த நேரத்தில் அவர்களுக்கு ஒரு பயம்தான். நான் கன்னியம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"அம்மா, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. நாங்க வந்தப்ப பாலத்து முனையில இருக்கற கல்லு வெளிய தெரிஞ்சது. இப்ப தெரியல. எறங்கச் சொல்லுங்க."

அவர் கல் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, "சட்டிய வுடுங்கடி. சட்டி போனா மேஸ்திரி கேப்பான். நீ போனா யாரு கேப்பா? எறங்குங்க" என்றார்.

வீராசாமி கயிற்றை லாரியின் பின்கட்டையில் இறுக்கினார். பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு கை கயிற்றில், ஒரு கை முன்னால் போகிறவளின் புடவையில். நடுவில் நான் நின்று, கை நழுவுகிறவர்களைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். ஒரு பெண் நடுவழியில் கயிற்றை விட்டுவிட்டாள். முன்னால் போனவள் புடவை கிழிந்தும் விடவில்லை. இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கரையில் தர்மலிங்கம் அண்ணனும் பயணிகளும் ஒவ்வொருவராகத் தூக்கி மேலே போட்டார்கள்.

அத்தனை நேரமும் வீராசாமி செல்வியின் காலோடு போராடிக்கொண்டிருந்தார். மூழ்குவார், எழுந்து மூச்சு வாங்குவார், மறுபடி மூழ்குவார். கன்னியம்மா லாரியை விட்டு இறங்கவில்லை. மேலேயிருந்து குனிந்து செல்வியின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துப் பிடித்திருந்தார். தண்ணீர் அவள் தாடையைத் தொட்டபோது லாரி ஒரு குலுங்கு குலுங்கி இன்னும் ஓரமாகச் சரிந்தது. போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த அசைவில் சக்கரம் கல்லை விட்டு விலகி, கால் வெளியே வந்தது. வீராசாமி அவளைத் தோளில் போட்டுக்கொண்டார். கன்னியம்மா கடைசியாக இறங்கினார். அவருக்குப் பின்னால் லாரி டிரைவரும் கயிற்றைப் பிடித்தான். நாங்கள் கரையேறி, பஸ்ஸின் கொக்கியிலிருந்து கயிற்றை அவிழ்த்த சற்று நேரத்தில் லாரி பக்கவாட்டில் சாய்ந்து ஓடைக்குள் இறங்கியது.

கன்னியம்மா மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். எல்லோரும் குரல் கொடுத்தார்கள்.

செல்வியின் கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னால் சாலை இல்லை. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினோம். ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த பெண்களிடம் நான் டிக்கெட் கேட்கவில்லை. அவர்களிடம் அன்றைக்குக் காசும் இல்லை.

திருக்கழுக்குன்றத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். கண்டிப்பானவர், நேர்மையானவர். வண்டிக்குள் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வண்டி நிக்க வேணாம், ஓடட்டும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"தண்ணியிலேருந்து தூக்கினது சரி சம்பந்தம். யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. இப்ப இவங்களுக்கு டிக்கெட் போட்டுடு."

"காசு இல்ல சார் அவங்ககிட்ட."

"தெரியும். உன் கையிலேருந்து கட்டு. நான் பாக்கல. இவ்ளோ பேரு டிக்கெட் இல்லாம இருந்தா நான் எழுதித்தான் ஆகணும்."

அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். என் சட்டைப் பையில் அன்றைக்குப் போதுமான பணம் இருந்தது. கை அங்கே போகவும் போனது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா, "கூலி வாங்கினதும் நாங்க திருப்பிக் குடுத்துர்றோம் கண்டக்டரே. உனுக்கு எதுக்கு பேஜாரு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கட்டிவிட்டால் என்ன ஆகும்? இத்தனை பெண்கள் இன்றைக்கு பஸ்ஸில் ஏறினார்கள், முழுக் கட்டணம் கொடுத்தார்கள், இறங்கிப் போனார்கள் என்று ஆகும். அவர்கள் ஏன் லாரியில் போனார்கள் என்று கேட்க யாருக்கும் அவசியம் இருக்காது. நாளைக்கு மேஸ்திரி வேறு லாரி கொண்டுவருவான். மேலாளர் சொன்னதுபோல் அவர்கள் நம் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

"போட மாட்டேன் சார். எழுதுங்க" என்றேன். "டிக்கெட் இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க. ஏன் இல்லைங்கறதையும் சேத்து எழுதுங்க. கட்டணம் ஏறினதுலேருந்து இவங்க லாரில போறாங்கன்னு எழுதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "புள்ளக்குட்டிக்காரன் பேசற பேச்சா இது?"

"எழுதுங்க சார்."

பின் சீட்டில் செல்வி முனகிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் விடவில்லை.

மறுநாளே சஸ்பெண்ட். விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவார் என்றார்கள். சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து, பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடு, எச்சரிக்கையோடு முடிந்துவிடும் என்றார்கள். என் மனைவி சரோஜா அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். போனதும் கேட்டாள்.

"அவங்களுக்கு டிக்கெட் காசு. நமக்குச் சோறு. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

நான் விளக்கினேன். அவளுக்குப் புரிந்தது, ஆனால் சம்மதமாகவில்லை. "உங்க நியாயம் உங்களோட. நாளைக்குப் புள்ளைங்களுக்கு என்ன சொல்லப் போறேன் நான்?" என்றாள். அன்று முழுக்க மறந்துவிட்டேன் என்றே சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வியின் காலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் இனிமேல் சுமை தூக்க முடியாது என்றார்கள். மேஸ்திரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தார்.

"உன் வேல போச்சாமே?"

"இன்னும் போகல. வியாழக்கிழமை விசாரணை."

"நாங்களும் வரோம்."

"ஒரு நாள் கூலி போயிடும்மா."

"போனா போது. நீ எங்களால மாட்டிக்கின. நாங்க வூட்ல குந்திகினு இருப்பமா?"

சொன்னபடி வந்தார்கள். கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். விசாரணை அதிகாரி நரைத்த தலைக்காரர். அதட்டாமல், அடங்கிய குரலில் பேசுகிறவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்கு எப்போதும் பயம். ஒவ்வொரு குற்றச்சாட்டாகப் படித்தார். வண்டியைப் பாதியில் திருப்பியது, பயணிகளை வழியில் இறக்கியது, டிக்கெட் கொடுக்காதது.

"முதல் ரெண்டுக்கும் காரணம் இருக்கு, ஒத்துக்கறேன். மூணாவது? இன்ஸ்பெக்டர் வழி சொன்ன பிறகும் மறுத்திருக்கீங்க. வீம்பா?"

"இல்ல சார். நான் கட்டியிருந்தா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க."

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஏழைங்கன்னு எல்லாரையும் இலவசமா ஏத்தினா வண்டிக்கு டீசல் யார் போடறது?"

நான் சொல்வதைவிட அவர்களில் ஒருவர் சொல்லட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கூப்பிடச் சொன்னார். கன்னியம்மா உள்ளே வந்து நின்றார். கேள்வியை அவரிடமும் கேட்டார் அதிகாரி.

"ஓசில யாரு சார் கேட்டது?" என்றார் கன்னியம்மா. "கொறச்சு குடுங்கன்றோம். எங்களுக்கு சனிக்கெழம கூலி. அன்னிக்கு டப்பு கைல கீது. வெள்ளிக்கெழமன்னா டீ குடிக்கவும் இருக்காது. சனிக்கெழமயே அடுத்த வாரத்துக்கு மொத்தமா வாங்கிக்கினு ஒரு சீட்டு குடுங்க. லாரிக்கு பிடிக்கறத உங்களுக்கு குடுக்கறோம். லாரில போவ எங்களுக்கு இன்னா ஆசையா?"

நான் குறுக்கிட்டேன். "காலையில அந்தப் பக்கம் போற வண்டி பாதி காலி சார். இவங்க ஏறினாலும் ஏறாட்டாலும் டீசல் அதேதான்."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. "நாளைக்குக் காலையில அந்த டிரிப்ல நான் போறேன்" என்று மட்டும் சொன்னார்.

போனார். தர்மலிங்கம் அண்ணன்தான் ஓட்டினார், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வண்டி நெடுகக் காலி சீட்டுகள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் முன்னால் மேஸ்திரியின் வாடகை லாரி, அதன் மேல் அதே பெண்கள். அதிகாரி எழுந்து முன்பக்கம் வந்து, கம்பியைப் பிடித்தபடி கடைசி வரை அந்த லாரியைப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

உத்தரவு வர ஒரு மாதம் ஆனது. எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஒரு இன்க்ரிமென்ட் வெட்டு. டிக்கெட் கொடுக்காதது தவறு என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கூடவே இன்னொன்றும் வந்தது. அந்தக் காலை டிரிப்புக்கும், மாலையில் திரும்பும் டிரிப்புக்கும் கூலித் தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வாரச் சீட்டு. பரீட்சார்த்தமாக. ஆள் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள்.

முதல் சனிக்கிழமை நானே குடிசைப் பக்கம் போய் விற்றேன். நிறையப் பேர் வாங்கினார்கள். திங்கட்கிழமை காலை ரயில்வே கேட் நிறுத்தத்தில் வண்டி நின்றது. பெண்கள் நின்றிருந்தார்கள். எதிரே லாரியும் நின்றிருந்தது. மேஸ்திரி கீழே இறங்கி நின்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"லாரில ஏறாதவங்களுக்கு இன்னியிலேருந்து வேல கெடையாது. யோசிச்சு ஏறுங்க."

யாரும் நகரவில்லை. வாரச் சீட்டைக் கையில் வைத்திருந்த ஒரு பெண் அதை முந்தானையில் முடிந்துகொண்டு லாரிப் பக்கம் நடந்தாள். அவள் பின்னால் இன்னும் இருவர். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்கள் பிழைப்பு அது. நான் கூப்பிட்டு அவர்கள் வந்து, வேலை போனால் அந்த வீட்டுக்கு நானா சோறு போடப் போகிறேன்? தர்மலிங்கம் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டார். கிளம்பும் நேரம் தாண்டியிருந்தது. நான் விசில் அடிக்கவில்லை.

கன்னியம்மா மேஸ்திரியின் எதிரில் போய் நின்றார்.

"இன்னிக்கு தளம் போடறதா சொன்ன இல்ல?"

"ஆமா. அதுக்கு?"

"மிசின் கலந்துகினே இருக்கும். கலவைய யாரு மேல தூக்குவா? உன் லாரியா?"

தளம் போடும் நாளில் பாதியில் நிறுத்த முடியாது, கலவை இறுகிவிடும். ஆள் குறைந்தால் அவனுக்குத்தான் நஷ்டம். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

"கூலி வேலைக்கித்தான் குடுக்கற. லாரி ஏறதுக்கு குடுக்கல. வாணான்னா இப்பவே சொல்லிடு, நாங்க வூட்டுக்குப் போறோம்."

மேஸ்திரி, "நேரத்துக்கு வந்து சேருங்க" என்று முணுமுணுத்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டான்.

கன்னியம்மா திரும்பி வந்தார். வழக்கமாகக் கடைசியில் ஏறுகிறவர் அன்றைக்கு முதலில் ஏறினார். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். எல்லோரும் அல்ல. லாரிக்குப் போன மூன்று பேரும் லாரியிலேயே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தை மாதம் வாக்கில் அவர்களும் வந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் வேறு இரண்டு தடத்திலும் வாரச் சீட்டைக் கொண்டுவந்தார்கள். செல்வி மட்டும் திரும்பி வரவில்லை. அவளுக்கு அது நேரம் கடந்து வந்த உதவி.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பயணி ஒருவர் கையில் காசில்லாமல் நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கு இரக்கம் வரும். வர வேண்டும். ஒருவருக்கு ஒரு நாள் என்றால் உங்கள் பையிலிருந்தே கொடுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். ஆனால் தினமும் ஒரு கூட்டமே உங்கள் வண்டியில் ஏற முடியாமல் நிற்கிறது என்றால், அதை உங்கள் பணத்தால் மூடாதீர்கள். மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்படி செய்யுங்கள். அதற்கு விலை உண்டு. என் வீட்டில் அந்த விலையைக் கொடுத்தவள் சரோஜாவும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த முதல் வாரத்தில் ஒரு மாலை டிரிப். புதுப்பட்டினத்திலிருந்து கிளம்பி, கடற்காற்று பின்னால் போய், வயல்கள் தொடங்கியதும் வண்டிக்குள் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். சிமெண்டு படிந்த கையும் தலையுமாக, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து எல்லோரும் தூங்கியிருந்தார்கள். ஜன்னலோரம் கன்னியம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தார். வாரச் சீட்டை ஒவ்வொரு டிரிப்பிலும் பார்க்க வேண்டும் என்பது விதி. எழுப்பிப் பார்க்கலாம் என்று முதல் சீட்டுக்குப் போனேன். அங்கிருந்த பெண் தூக்கத்திலேயே, கண்ணைத் திறக்காமல், சீட்டை எடுத்து நீட்டினாள். அதன் பிறகு யாரையும் எழுப்பவில்லை. முகம் பார்த்தே போய்விட்டேன்.